மான் வேட்டை சீசனுக்கு இன்னும் 14 வாரம், ஓடினால் முழங்கால் வலிக்கிறது. எப்படித் தயாராவது?

சறுக்குப்பாறை

வணக்கம் நண்பர்களே. வயது 47, எடை 94 கிலோ, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. போன சீசனில் பட்ட பாடு இந்த முறையும் வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

மூன்றாம் நாள் நடந்தது இது. விடிவதற்கு முன் அடிவாரத்திலிருந்து கிளம்பி ஏறக்குறைய 300 மீட்டர் உயரம் ஏற வேண்டும். முதுகில் 11 கிலோ பை, கையில் ஸ்கோப்போடு சேர்த்து 4 கிலோ ரைஃபிள். கூட வந்தவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தார். நான் நாற்பது அடி வைப்பேன், நிற்பேன். பூட்ஸ் கயிறு அவிழ்ந்துவிட்டது போலக் குனிவேன். ஒரே காலையில் ஐந்து முறை கயிறு அவிழ்ந்தால் யார் நம்புவார்கள்?

மேட்டின் விளிம்பில் தலையை நீட்டிப் பார்த்தால், எதிர்ச்சரிவில் 150 மீட்டர் தூரத்தில் நல்ல கொம்போடு ஒரு கிடா. பக்கவாட்டில், அசையாமல் நிற்கிறது. ஒரு முழங்காலை ஊன்றி ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். குறுக்குக்கோடு கொம்புக்குப் போகிறது, வயிற்றுக்குப் போகிறது, பின்தொடைக்குப் போகிறது. தோளுக்குப் பின்னால் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. துடிப்பு காதுக்குள் கேட்டது. சுடவில்லை. அது நிதானமாகத் திரும்பி மரங்களுக்குள் போய்விட்டது.

மறுநாள் நண்பர் ஒன்றை எடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து அதைக் கீழே இறக்கினோம். அதன்பின் இரண்டு நாள் படி இறங்க வேண்டுமென்றால் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான்.

சரி, இந்த வருடம் விடக்கூடாது என்று மூன்று வாரத்துக்கு முன் ஓட ஆரம்பித்தேன். வாரம் நான்கு நாள், ஒவ்வொரு நாளும் 5 கிலோமீட்டர். இப்போது வலது முழங்காலில் முட்டிச் சில்லைச் சுற்றி வலி, படி இறங்கும்போது அதிகம். ஓட்டத்தைத் தொடரலாமா, எடை தூக்கப் போகலாமா? நான் இருக்கும் இடத்தில் மலை, மேடு எதுவும் கிடையாது. பையில் எடை வைத்து நடக்கலாம் என்றால் எவ்வளவு வைப்பது?

---

பொதிமாடு

ஓட்டத்தை விடுங்கள். எவ்வளவு ஓடினாலும் மான் உங்களைவிட வேகம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காட்டில் நான் ஓடியதே இல்லை. ஓட வேண்டி வந்தால் எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம். நடை, ஏற்றம், சுமை, இறக்கம், நடுவில் மணிக்கணக்கில் அசையாமல் இருப்பது. வேட்டையில் உடம்புக்கு இருக்கும் வேலை இதுதான்.

உடம்பைத் தேற்றுவதற்கு முன் அந்த 11 கிலோ பையைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாகத் தராசில் வையுங்கள். நான் வைத்தபோது மூன்று டார்ச் லைட் கிடைத்தது. மூன்றையும் நானேதான் வைத்திருக்கிறேன். பூட்ஸையும் நிறுத்துப் பாருங்கள். பாதத்தில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் ஏறும் நாலைந்து கிலோவுக்குச் சமமாகச் சக்தியைத் தின்னும்.

---

நரைத்தாடி

தம்பி, முதலில் ஒன்று. அந்தக் கிடாவைச் சுடாமல் விட்டது நீங்கள் போன சீசனில் செய்த நல்ல காரியம். அதை அவமானக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எனக்கு 58. இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், 51-வது வயதில் நானே மாட்டிக்கொண்டேன். உறைபனிக் காலை. தனியாக ஒரு கிடாவை இழுத்துக்கொண்டு வருகிறேன். நெஞ்சில் யாரோ உட்கார்ந்தது போல ஓர் அழுத்தம், தாடை வரைக்கும் வலி. காலையில் அவசரமாகச் சாப்பிட்டதால் வாயு என்று நினைத்து இன்னும் அரை மணி நேரம் இழுத்தேன். பத்தடி இழுப்பேன், நிற்பேன், வலி குறையும், மறுபடி இழுப்பேன். அந்த வாயு கடைசியில் ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட் என்று போய் முடிந்தது.

பிறகு படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள் என்று. அமெரிக்காவின் மிச்சிகனில் நடுத்தர வயது ஆண்கள் 25 பேருக்கு இசிஜி கருவி மாட்டி மான் வேட்டைக்கு அனுப்பினார்கள். முடிவுகள் 2007-ல் ஓர் இதயநோய் மருத்துவ இதழில் வந்தன. 22 பேருக்கு இதயத்துடிப்பு அதிகபட்சத்தில் 85 சதவீதத்தைத் தாண்டியது. அதில் 10 பேர், ஆஸ்பத்திரி டிரெட்மில்லில் மூச்சு முட்ட ஏறியபோது தொட்ட உச்சத்தையே காட்டில் தாண்டிவிட்டார்கள். மானைக் கண்டவுடன் வரும் படபடப்பு ஒரு பக்கம், ஏற்றமும் இழுப்பும் ஒரு பக்கம். இதோடு குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். எல்லாம் ஒரே நேரத்தில். அதனால் நாளைக்கே ஒரு டாக்டரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்துவிட்டு, இந்த வயதில் இந்த மாதிரி வேலைக்குப் போகிறேன், டிரெட்மில் டெஸ்ட் தேவையா என்று வாய்விட்டுக் கேளுங்கள். வேட்டை என்று மட்டும் சொன்னால் உட்கார்ந்து செய்யும் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். 50 கிலோவைப் பனியில் இழுப்பேன் என்று சொல்லுங்கள்.

இனி பயிற்சி. மலை இல்லையே என்று கவலைப்படாதீர்கள், படி இருந்தால் போதும். கட்டடத்தில் ஒரு மாடி தோராயமாக 3 மீட்டர் உயரம். நீங்கள் ஏறிய 300 மீட்டர் 100 மாடிக்குச் சமம். வீட்டுக்குள்ளேயே செய்வதென்றால் 40 சென்டிமீட்டர் உயரத்தில் ஆடாத ஒரு பெட்டி. அதில் 750 முறை ஏறி இறங்கினால் உங்கள் மலை வந்துவிடும். முதல் நாளே 750 ஏறாதீர்கள், முதல் வாரத்துக்கு 100 போதும். பை வேண்டாம். ஒரு காலில் 10, மறு காலில் 10 என்று மாற்றிக்கொள்ளுங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஏற வேண்டும். வாக்கியம் அறுந்தால் வேகம் அதிகம். போன சீசனில் நாற்பது அடிக்கு ஒருமுறை நின்றதற்குக் காரணம் கால் இல்லை, வேகம். மூத்தவர் பின்னால் ஓடினீர்கள். அவரைவிட மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறியிருந்தால் ஐந்து நிமிடம் பிந்தி, பேசிக்கொண்டே மேலே வந்திருப்பீர்கள்.

நண்டு நடை எதனால் என்று தெரியுமா? ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது உடம்பு எடையைத் தாங்கிக்கொண்டே அதே தசை நீள வேண்டியிருக்கிறது. பழகாத தசையில் இதுதான் நுண்ணிய கிழிசலை உண்டாக்கும். வலி அன்றைக்குத் தெரியாது, இரண்டாம் நாள் உச்சத்துக்கு வரும். நல்ல விஷயம் என்னவென்றால், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பழகிய தசை அடுத்த சில வாரத்துக்கு அதை நினைவில் வைத்திருக்கும். ஆகவே பெட்டியிலிருந்து இறங்குவதையும் பயிற்சியாக எடுங்கள். தொப்பென்று குதிக்காமல் மூன்று, நான்கு எண்ணி மெதுவாக இறங்குங்கள். கடைசியாகக் கடுமையாக இறங்கிப் பழகுவது சீசனுக்குப் பத்து நாள் முன்பு, அதோடு சரி.

பை எடை: வாரம் இரண்டு நாள் மட்டும். 6 கிலோவில் தொடங்கி, உடம்பு ஒத்துழைத்தால் வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டுங்கள். ஒத்துழைக்காவிட்டால் அதே எடையில் இன்னொரு வாரம். இடுப்புப் பட்டை இறுக்கமாக இருக்க வேண்டும், சுமை இடுப்பில் உட்கார வேண்டும், தோளில் தொங்கக்கூடாது. கடைசி மாதத்தில் இரண்டு மூன்று முறை 20 கிலோ போட்டு சமதரையில் நடந்து பாருங்கள். அது இறைச்சி சுமந்து வரும் நாளுக்கான ஒத்திகை. பையோடு ஓடவே கூடாது.

அந்த 20 கிலோ எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். உயிரோடு 70 கிலோ இருக்கும் ஒரு கிடா, குடல் எடுத்த பிறகு 55 அளவில் நிற்கும். எலும்பு நீக்கினால் கறி 25-க்கு முன்பின். உங்கள் பகுதி விதி அனுமதித்தால் அங்கேயே துண்டு போட்டு இரண்டு பேர் பிரித்துச் சுமப்பதுதான் புத்திசாலித்தனம். இழுத்தே ஆக வேண்டுமென்றால் தலைப்பக்கம் முன்னால் வர இழுங்கள், முடி படிந்து வழுக்கும். வால் பக்கம் இழுத்தால் ஒவ்வொரு முடியும் தரையைப் பிடிக்கும். இழுப்பதற்கு முன் ரைஃபிளில் தோட்டாவை எடுத்துவிடுங்கள். சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

---

கெண்டைக்கால்

நான் பிசியோதெரபிஸ்ட், வேட்டைக்குப் போவதில்லை. வீட்டுக்காரர் போகிறார், அதனால் ஒவ்வொரு வருடமும் சீசன் முடிந்ததும் எனக்கு வீட்டிலேயே ஒரு நோயாளி.

முழங்காலைப் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சும்மா இருந்த உடம்பை ஒரே வாரத்தில் 20 கிலோமீட்டருக்குக் கொண்டுபோயிருக்கிறீர்கள், 94 கிலோவோடு. முட்டிச் சில்லைச் சுற்றி வலி, இறங்கும்போது அதிகம் என்றால் பெரும்பாலும் சுமை திடீரென்று கூடியதன் புகார்தான். வீக்கம் இருந்தாலோ, முழங்கால் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது திடீரென்று மடிந்தாலோ இங்கே படிப்பதை நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் முழு ஓய்வும் வேண்டாம். முழு ஓய்வு எடுத்த முழங்கால், திரும்ப வேலைக்கு வந்த அன்றே வலிக்கும். நான் சொல்லும் கணக்கு இது: வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் மூன்று வரை பரவாயில்லை, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் நேற்று செய்தது அதிகம்.

நரைத்தாடி ஐயா சொன்ன 40 சென்டிமீட்டர் பெட்டி இப்போதைக்கு உங்களுக்கு அதிகம். 15 சென்டிமீட்டரில் தொடங்குங்கள். கண்ணாடி முன் நின்று இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு வலு போதவில்லை. ரப்பர் பட்டையை முழங்காலுக்கு மேல் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடங்கள். இதோடு சுவரில் முதுகைச் சாய்த்து, அரைகுறையாக உட்கார்ந்த நிலையில் 30 முதல் 45 விநாடி, ஐந்து முறை. நாற்காலி உயரத்துக்கு இறங்க வேண்டாம், அதில் பாதி போதும். சலிப்பான பயிற்சிதான். வீட்டுக்காரர் இதைச் செய்துகொண்டே டிவி பார்ப்பார்.

கெண்டைக்கால் தசையையும் மறக்காதீர்கள். என் பெயருக்காகச் சொல்லவில்லை. படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து ஒற்றைக் காலில் எம்பி எம்பி இறங்குவது, ஒரு காலுக்கு 20 முறை வரும்வரை பழகுங்கள். ஈரமான சரிவில் வழுக்கும்போது கணுக்காலைக் காப்பது அதுதான்.

---

பரண்வாசி

எல்லோரும் மலைக்கதை பேசுகிறீர்கள். நான் வில் வேட்டைக்காரன், வருடத்தில் பாதி நேரம் மரத்துப் பரணில் இருப்பேன். அங்கே தேவைப்படும் உடற்தகுதி வேறு. குளிரில் நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிட்டு, உறைந்துபோன தோளை வைத்து ஒரே இழுப்பில், சத்தமில்லாமல், மெதுவாக வில்லை இழுக்க வேண்டும். வெயிலில் டி-ஷர்ட்டோடு நின்று 60 பவுண்டு இழுவிசை கொண்ட வில்லை இழுப்பவர், கனமான கோட்டோடு உட்கார்ந்து இழுத்துப் பார்க்கட்டும். வில்லை வானத்தை நோக்கித் தூக்கினால்தான் இழுக்க வருகிறது என்றால் இழுவிசை அதிகம், குறைத்துக்கொள்வதில் வெட்கமில்லை. நான் 63-லிருந்து 54-க்கு வந்தேன், எந்த மானும் குறை சொல்லவில்லை.

அப்புறம், பரணில் ஏறுகிறவர்கள் தரையை விட்டுக் கால் எடுத்த நொடியிலிருந்து திரும்பத் தரையைத் தொடும்வரை முழு உடல் பாதுகாப்புப் பட்டையைக் கயிற்றோடு இணைத்தே வைத்திருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும்தான் பலர் விழுகிறார்கள். தொங்க நேர்ந்தால் காலை ஊன்றிக்கொள்ள ஒரு வளையம் வேண்டும், இல்லாவிட்டால் தொடைப்பட்டை இறுக்கி ரத்த ஓட்டம் தேங்கிவிடும். நானும் ஒருமுறை வீட்டு மரத்தில் தாழ்வாகத் தொங்கிப் பார்த்தேன், மனைவியைப் பக்கத்தில் நிற்கவைத்து. இரண்டு நிமிடத்திலேயே போதும் போதும் என்றாகிவிட்டது.

---

சறுக்குப்பாறை

எல்லோருக்கும் நன்றி. பையைக் கொட்டினேன். 11 கிலோ என்று நினைத்தது 12.4. அதில் போன வருடத்துச் சாப்பாட்டுப் பொட்டலம் ஒன்று, மடக்கு நாற்காலி, இரண்டு கத்தி, ஒரு சிறு கோடாலி. கோடாலி எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. இப்போது 7.9.

டாக்டரிடம் 50 கிலோ இழுப்பேன் என்று அப்படியே சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். டிரெட்மில் டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். ரத்த அழுத்தம் 148/94. எனக்கு அழுத்தம் இருப்பதே தெரியாது.

ஐயா, ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது குறி நிற்பதற்குப் பயிற்சி உண்டா? மேலே போய்ச் சேர்ந்தாலும் அந்த இடத்தில் கோட்டை விட்டால் என்ன பயன்?

---

நரைத்தாடி

148/94. பார்த்தீர்களா, ஓட்டத்தை அப்படியே தொடர்ந்து காட்டுக்குப் போயிருந்தால்? மருந்து கொடுத்தால் சாப்பிடுங்கள், டெஸ்ட் முடிவு வரும்வரை பெட்டி ஏறுவதும் டாக்டர் சொன்ன அளவோடுதான்.

குறிக்குப் பயிற்சி உண்டு. டெஸ்ட் முடிந்து அனுமதி கிடைத்த பிறகு செய்யுங்கள். ரைஃபிள் காலி என்று இரண்டு முறை பாருங்கள், தோட்டா வேறு அறையில் பூட்டியிருக்கட்டும். மூன்று நிமிடம் படி ஏறி இறங்கிவிட்டு உடனே முழங்கால் ஊன்றி, பாதுகாப்பான பின்சுவரில் ஒட்டிய சிறு புள்ளியைக் குறிபாருங்கள். ஆடும். அப்படியே இருந்து மூச்சை எண்ணுங்கள். எத்தனையாவது மூச்சில் ஆட்டம் அடங்குகிறது என்று எழுதி வையுங்கள். எனக்கு இப்போது ஒன்பது, ஸ்டென்ட் வைத்த புதிதில் இருபதுக்கு மேல். மூச்சை வெளியே விட்டு அடுத்ததை இழுப்பதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி தானாக வரும், அங்கேதான் விசை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்காதீர்கள், துடிப்பு இன்னும் பலமாகத் தெரியும்.

முழங்காலோடு நிறுத்தாதீர்கள். பையைக் கழற்றி முன்னால் போட்டு, அதன்மேல் ரைஃபிளை வைத்துப் படுத்துப் பழகுங்கள். பை கழற்றிப் படுக்க ஆறேழு விநாடி போதும். மறுபக்கம் கண்ணில் தெரியாத மேட்டுக்கு வந்தால் விளிம்புக்கு இருபது அடி முன்பே நின்று, உங்கள் எண்ணிக்கை எவ்வளவோ அவ்வளவு மூச்சு விட்டுவிட்டுத்தான் தலையை நீட்ட வேண்டும். நீங்கள் இளைத்துக்கொண்டே நீட்டினீர்கள்.

இன்னொன்று, ஸ்கோப் அன்றைக்கு எத்தனை மடங்கில் இருந்தது?

---

சறுக்குப்பாறை

9.

---

நரைத்தாடி

நினைத்தேன். ஆட்டமும் ஒன்பது மடங்கு பெரிதாகத் தெரியும். நடக்கும்போது 4-ல் வையுங்கள்.

---

சறுக்குப்பாறை

ஏழு வாரம் கழித்து வந்திருக்கிறேன். டிரெட்மில் டெஸ்டில் குறை எதுவும் இல்லை. அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, இப்போது 128/82. எடை 89. முழங்கால் 30 சென்டிமீட்டர் பெட்டி வரை சத்தம் போடவில்லை, 40-ல் கொஞ்சம் முனகுகிறது, அதனால் 30-லேயே இருக்கிறேன். நேற்று 10 கிலோ பையோடு 60 மாடி, நடுவில் ஒருமுறைகூட நிற்கவில்லை. பூட்ஸ் கயிறும் அவிழவில்லை.

மூச்சு எண்ணிக்கை 24-ல் தொடங்கியது, இப்போது 14.

கெண்டைக்கால் மேடம், எம்பி இறங்குவது வலது காலில் 20 வருகிறது, இடது காலில் 13-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. பலவீனமான காலுக்கு மட்டும் கூடுதலாகச் செய்யலாமா?

---

கெண்டைக்கால்

செய்யலாம். இடது காலில் தொடங்குங்கள், அது எத்தனை செய்கிறதோ வலதிலும் அத்தனையே. பிறகு இடதுக்கு மட்டும் இன்னொரு சுற்று. குதிகாலுக்கு மேலே நரம்பு மாதிரி தெரியும் தடித்த தசைநாணில் காலையில் விறைப்பு வந்தால் அந்தக் கூடுதல் சுற்றை நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.